தூக்கிச் செல்லும் ஆர்.ஓ.: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் தூக்கிச் செல்லும் ஆர்.ஓ. கருவிகளைப் பற்றி, அதாவது தண்ணீரை அழுத்தி ஒரு சவ்வு (மெம்பரேன்) வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவிகளைப் பற்றி, அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஓடும்போது இந்தக் கருவி அவ்வளவாகக் கெடுவதில்லை, சும்மா கிடக்கும்போதுதான் கெடுகிறது என்று அதில் ஒரு வரி. வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இடம் கொள்கிற அளவுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் சிலர் சேர்ந்து மருத்துவ முகாம் நடத்துகிறோம். அதற்கென்றே ஒரு பெட்டி ஆர்.ஓ. வாங்கினோம். போன முகாம் முடிந்ததும் தண்ணீரை வடித்து, வெளியே நன்றாகத் துடைத்து, உறை போட்டு வைத்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்து ஓட்டினால் அழுகிய முட்டை வாடை வருகிறது. மெம்பரேன் போய்விட்டதா?

பதில்: தண்ணீரை வடித்தீர்கள், சரி. மெம்பரேனுக்குள் இருப்பதை எப்படி வடிப்பீர்கள்? அது ஒரு குழாயைச் சுற்றிப் பாய் போலச் சுருட்டிய சவ்வுத் தாள்கள். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய வலை. அந்த இடுக்குகளில் ஈரம் நின்றுவிடும். கூடவே, முகாமில் வடிகட்டிய அழுக்கெல்லாம் சேறு, தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரிலும் கார்பன் ஃபில்டரிலும் அப்படியே இருக்கிறது. கார்பன் வேறு குளோரினைப் பிடித்து வைத்துவிடுவதால், அதற்குப் பிறகு உள்ள பகுதியில் கிருமியைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. இருட்டு, ஈரம், தீனி எல்லாம் கிடைத்தால் பாக்டீரியா சும்மாவா இருக்கும்? பிராணவாயு தீர்ந்ததும், தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிற வகை தலையெடுக்கும். அந்த வாடைதான் உங்களுக்கு வந்தது. இன்னொன்று, கரைந்திருக்கும் வாயுக்களை ஆர்.ஓ. மெம்பரேன் தடுக்காது. அதனால் வாடை நல்ல தண்ணீர் வரும் பக்கமும் வந்துவிடுகிறது.

முதலில் இரண்டு ஃபில்டர்களையும் கழற்றி எறியுங்கள். கழுவிப் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். மெம்பரேனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் காரக் கழுவல், அப்புறம் அமிலக் கழுவல். வரிசை முக்கியம். பாக்டீரியா வளர்ந்து உண்டான வழவழப்பான உயிர்ப்படிவைக் காரம் கரைக்கும். அமிலத்தை முதலில் விட்டால் அந்தப் படிவு இன்னும் இறுகிப்போகும். காரத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, அமிலத்துக்கு 2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். காரக் கரைசல் எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பது மெம்பரேனோடு வந்த தாளில் இருக்கும். பெரும்பாலும் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 12, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், இரண்டையும் தாண்டாதே என்று போட்டிருப்பார்கள். குறைந்த அழுத்தத்தில் அரை மணி சுற்ற விட்டு, ஒரு மணி ஊற வைத்து, மறுபடி சுற்ற விட்டு, குளோரின் இல்லாத சுத்த நீரால் அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இருந்தாலும் என் அபிப்பிராயம் கேட்டால், நோயாளிகளுக்குக் கொடுக்கிற தண்ணீர், மூன்று மாதம் அழுகிய மெம்பரேன், சின்னப் பெட்டி. புது மெம்பரேன் போட்டுவிடுவதே நிம்மதி. பெரிய கருவி என்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறைக்கு: இரண்டு நாளுக்குள் மறுபடி ஓட்டப் போகிறீர்கள் என்றால், நிறுத்தும்போது கருவியிலிருந்து வந்த நல்ல தண்ணீரையே திருப்பி விட்டு அலசினால் போதும். அதற்கு மேல் கிடக்கும் என்றால் பதப்படுத்தித்தான் வைக்க வேண்டும். சோடியம் மெட்டாபைசல்ஃபைட், லிட்டருக்கு 10 கிராம். உணவுத் தரமாக இருக்கட்டும். கோபால்ட் கலந்து வருகிற வகை ஒன்று உண்டு. அது மெம்பரேனுக்கு ஆகாது. ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் கரைத்த இந்தக் கரைசலை மெம்பரேன் ஹவுசிங்கில் (மெம்பரேன் இருக்கும் கூட்டில்) காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, எல்லா வாயையும் அடைத்துவிடுங்கள். காற்றுப் பட்டால் இந்த உப்பு மெல்ல அமிலமாகிவிடும். வாரம் ஒரு தடவை பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். 3-க்கு இறங்கிவிட்டால் உடனே மாற்ற வேண்டும், இறங்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை மாற்றுவது நல்லது. கரைக்கும்போது நெடி மூக்கைத் துளைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மறுபடி எடுக்கும்போது, முதல் ஒரு மணி நேரம் வருகிற நல்ல தண்ணீரையும் கீழே விட்டுவிடுங்கள். வயிறு எரியும், தெரியும். பரவாயில்லை, விடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 12 காட்டுகிறது. அப்படியென்றால் தண்ணீர் நூற்றுக்கு நூறு பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும்தான். அதிலிருந்து கரைந்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. பாக்டீரியாவும் வைரஸும் அதன் கண்ணுக்குத் தெரியாது. பூச்சிமருந்தும் தெரியாது. ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் மீட்டரில் கடைசி இலக்கமே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். அதில் ஆர்சனிக் எங்கே தெரியப் போகிறது?

மெம்பரேன் வைரஸைக்கூடத் தடுக்கும் என்பார்கள். தடுக்கும்தான். ஆனால் தண்ணீர் மெம்பரேன் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு யார் உத்தரவாதம்? இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஒன்று கிழிந்திருந்தால் போதும், அழுக்குத் தண்ணீர் கொஞ்சம் ஓரமாகப் புகுந்து நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். அதனால் கருவியிலிருந்து வரும் தண்ணீருக்குக் கடைசியாகக் குளோரின் போட்டு, அரை மணி வைத்திருந்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பல பேர் கை படுகிற கேனில் சேமிக்கிற தண்ணீருக்கு இது கட்டாயம்.

மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் சேர்த்து அளந்தால் அது நல்ல வேலைக்காரன். உள்ளே 600, வெளியே 30 என்றால் மெம்பரேன் 95 சதவீத உப்பைத் தடுக்கிறது. அதே 600-க்கு வெளியே 60 வந்தால் 90 சதவீதம். வெறும் 12 என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. உள்ளே போனது 40-ஆக இருந்தால் அது மோசமான மெம்பரேன். உள்ளே 1200 என்றால் பிரமாதம்.

இரவெல்லாம் நின்றிருந்த கருவியில் காலையில் முதல் டம்ளரை அளந்துவிட்டுப் பதறாதீர்கள். நிற்கும்போது உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசிந்திருக்கும். சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம் அளங்கள்.

கேள்வி: நான் எச்சரிக்கையான ஆள். கலங்கல் தண்ணீர் என்பதால் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டுத்தான் ஆர்.ஓ.வுக்கு விடுவேன். முதலில் தண்ணீர் வரும் வேகம் கூடியது, சந்தோஷப்பட்டேன். இப்போது தண்ணீர் உப்புக் கரிக்கிறது. பம்ப் கோளாறா?

பதில்: பம்ப் நன்றாக இருக்கிறது. மெம்பரேனைக் குளோரின் தின்றுவிட்டது. நீங்கள் சந்தோஷப்பட்ட அந்த வேகம்தான் முதல் அறிகுறி. இன்றைக்கு வருகிற மெம்பரேன்களின் மேல்படலம் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக். குளோரின் அதன் கட்டமைப்பை உடைக்கும். உடைய உடையத் தண்ணீர் சுலபமாகப் போகும், கூடவே உப்பும் போகும். அடைப்பு வந்தால் தண்ணீர் குறையும், குளோரின் பட்டால் கூடும். எந்தக் கழுவலும் இதைச் சரி செய்யாது. புதிது வாங்க வேண்டியதுதான்.

குளோரின் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. கலங்கல் நீரில் போடுவது நல்லதும்கூட. ஆனால் மெம்பரேனுக்குப் போவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். தாங்குகிற அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைத்தான் கார்பன் ஃபில்டர் செய்கிறது. நிறையப் பேர் அது வாடைக்கும் ருசிக்கும் என்று நினைத்துக்கொண்டு மாற்றத் தாமதிக்கிறார்கள். கார்பன் தாண்டி வரும் தண்ணீரை எடுத்துக் குளோரின் சோதனைச் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். நிறம் வந்தால் கருவியை நிறுத்துங்கள்.

கலங்கலுக்கு வேறு வழி இருக்கிறது. தொட்டியில் தேக்கித் தெளிய விடுங்கள். தெளியாவிட்டால் படிகாரம் போடலாம். ஆனால் அளவோடு. மிஞ்சிய படிகாரம் மெம்பரேனில் போய் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீரை அடியிலிருந்து எடுக்காமல் மேலாக எடுத்து, துணிப் பை வடிகட்டி, 20 மைக்ரான் ஃபில்டர், 5 மைக்ரான் ஃபில்டர் என்று படிப்படியாக இறக்குங்கள். உறிஞ்சு குழாயின் வாயைத் தரையில் போடாமல் ஒரு மிதவையில் கட்டிவிட்டால் பாதி சேறு உள்ளேயே வராது.

கேள்வி: இந்த ஆர்.ஓ.வைக் கண்டுபிடித்தது யார்? அவர்கள் காலத்திலும் குளோரின் பிரச்சினை இருந்ததா?

பதில்: நல்ல கேள்வி, அதுவும் சரியான இடத்தில் வந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர் 1950-களின் கடைசியில் செல்லுலோஸ் அசிடேட் மெம்பரேனை உருவாக்கினார்கள். அதற்கு முன்பும் உப்பைத் தடுக்கும் சவ்வுகள் இருந்தன. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இவர்கள் செய்ததில் மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் துளைகள் நிறைந்த தடித்த பகுதி. அதனால் புழங்கக்கூடிய அளவுக்குத் தண்ணீர் வந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்த முறையில் குடிநீர் நிலையமே ஓடியது. அந்த மெம்பரேன் கொஞ்சம் குளோரினைத் தாங்கும், ஆனால் பாக்டீரியா அதையே தின்றுவிடும். பின்னால் வந்த பாலிஅமைடை பாக்டீரியா தின்னாது, குளோரின் தின்னும். இரண்டையும் தாங்குகிற ஒன்றுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம்.

கேள்வி: கழிவாகப் போகும் தண்ணீரைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. ரிஜெக்ட் வால்வைக் கொஞ்சம் மூடினால் நல்ல தண்ணீர் அதிகம் வருகிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. உள்ளே போவதில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், மிச்சப் பாதியில் உப்பு இரண்டு மடங்காகச் செறிகிறது. முக்கால் பங்கு எடுத்தால் நான்கு மடங்கு. பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால் பத்து மடங்கு. கடைசி சில சொட்டுக்காகக் கணக்கு எப்படி ஏறுகிறது பாருங்கள். கடின நீரில் இந்தச் செறிவில் சுண்ணாம்பு மெம்பரேன் மேலேயே படிந்துவிடும். கால்சியம் கார்பனேட் என்றால் சிட்ரிக் அமிலத்தில் போகும். கால்சியம் சல்பேட்டோ சிலிக்காவோ படிந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கருவி வரும்போது வால்வை எந்த நிலையில் வைத்திருந்தார்களோ, அங்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கைவைக்கிறவர்கள் நிறைய.

கழிவுநீரைப் பிடித்துத் தரை கழுவலாம், கழிப்பறைக்கு விடலாம். செடிக்கு விடும் முன் மீட்டரில் பாருங்கள்.

கேள்வி: குளிர் பிரதேசத்தில் முகாம். அதே கருவி, அதே அழுத்தம், தண்ணீர் மட்டும் குறைந்துவிட்டது. மெம்பரேனைக் கழுவலாமா?

பதில்: முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள். கருவி மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு 25 டிகிரி தண்ணீருக்கு. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் வரத்துக் குறையும். 15 டிகிரி தண்ணீரில் எழுதியிருப்பதில் 70 சதவீதம் வந்தாலே கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நல்ல மெம்பரேனைக் காரத்திலும் அமிலத்திலும் போட்டு எடுப்பது அதன் ஆயுளைத்தான் குறைக்கும்.

வெப்பம் மாறாமலே குறைந்தால், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜைப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் போனால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அதை மாற்றாமல் ஓட்டினால் பம்ப்புக்குத் தண்ணீர் போதாமல் இரைய ஆரம்பிக்கும், அப்புறம் பம்ப்பும் போகும். ஃபில்டர் நன்றாக இருந்து, வெப்பத்துக்குக் கழித்துப் பார்த்தும் வரத்து 10 சதவீதம் குறைந்திருந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. பாதியாகிற வரைக்கும் காத்திருந்தால் படிவு இறுகிவிடும்.

இதெல்லாம் பழைய எண்கள் கையில் இருந்தால்தான் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஒரு நோட்டும் பென்சிலும் கயிற்றில் தொங்கும். தேதி, தண்ணீரின் வெப்பம், கேஜ்கள் காட்டும் அழுத்தங்கள், உள்ளே வெளியே டி.டி.எஸ்., ஒரு லிட்டர் நிறைய எத்தனை விநாடி. பேனா வேண்டாம், நனைந்தால் அழிந்துவிடும். பழுதுக்கு வருகிற கருவியைத் திறக்கும் முன் நான் அந்த நோட்டைத்தான் திறப்பேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: படகில் போகிறேன். வீட்டு ஆர்.ஓ.வைக் கடல் நீரில் மாட்டினால் என்ன?

பதில்: ஒரு சொட்டும் வராது. கடல் நீரின் சவ்வூடு அழுத்தமே ஏறக்குறைய 27 பார். அதைத் தாண்டினால்தான் முதல் சொட்டு. வீட்டுக் கருவியின் பூஸ்டர் பம்ப் தருவது நாலைந்து பார். கடல் நீர்க் கருவிகள் 55 முதல் 70 பார் வரை ஓடுகின்றன. அந்த அழுத்தத்துக்கேற்ற பம்ப், குழாய், ஹவுசிங் எல்லாமே வேறு. உயிர்காப்புப் படகுகளுக்கென்று கையால் அடிக்கிற மாதிரிச் சின்னக் கருவிகள் உண்டு. விடாமல் அடித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

சரியான கருவியே வைத்திருந்தாலும் துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள். தண்ணீர் மேல் மிதக்கிற டீசல் மெம்பரேனில் ஒரு தடவை ஏறினால் இறங்காது. ஓட்டி முடித்ததும் உப்பு நீரோடு அப்படியே விட்டுவிடாமல் நல்ல தண்ணீரால் அலசுங்கள். கரைக் குழாயிலிருந்து பிடித்து அலசுகிறவர்கள் அதில் குளோரின் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நல்ல தண்ணீர் வரும் குழாயின் முனையில் ஒரு திருகு மாட்டியிருக்கிறேன், வேண்டும்போது மூடிக்கொள்ள வசதியாக. ஒரு நாள் ‘டப்’ என்று உள்ளே சத்தம் கேட்டது. அதிலிருந்து டி.டி.எஸ். ஏறிவிட்டது.

பதில்: அந்தத் திருகைக் கழற்றிவிடுங்கள். நல்ல தண்ணீரின் வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மெம்பரேனின் தாள்கள் மூன்று ஓரங்களில் பசையால் ஒட்டியவை. வெளியிலிருந்து உள்ளே அழுத்தினால் எவ்வளவும் தாங்கும், உள்ளிருந்து வெளியே அழுத்தினால் தாங்காது. நீங்கள் திருகை மூடியதும் நல்ல தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் ஏறும். அப்போது பம்ப்பை நிறுத்தினால் வெளிப்பக்க அழுத்தம் சட்டென்று விழும். உள்ளே இருப்பது 0.3 பார் கூடுதலாக இருந்தாலே ஒட்டு விட்டுவிடும். உயரத்தில் இருக்கிற தொட்டிக்குக் குழாய் விட்டாலும் இதே கதைதான். மூன்று மீட்டர் ஏற்றினாலே 0.3 பார் ஆகிவிடும். கீழே ஒரு கேனில் பிடித்து, வேறு பம்ப் வைத்து மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: ஓ-ரிங் சுலபமாக நுழைய வாஸ்லின் தடவலாமா?

பதில்: வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வருவது சில வகை ரப்பரை ஊத வைக்கும், மெம்பரேனுக்கும் ஆகாது. கிளிசரின் தடவுங்கள். அதுவும் இல்லையென்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் போட்டாலே நுழையும்.

கேள்வி: பெட்டியை வண்டியிலேயே வைத்திருக்கலாமா? அடிக்கடி ஏற்றி இறக்குவது சிரமம்.

பதில்: வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். மெம்பரேனுக்குப் பொதுவாக 45 டிகிரிதான் எல்லை. பதப்படுத்திய கரைசலும் சூட்டில் சீக்கிரம் கெடும். உறைகிற குளிரும் ஆகாது. உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியானால் ஹவுசிங்கே வெடிக்கலாம். மெம்பரேன் ஹவுசிங்கை மட்டுமாவது கழற்றி நிழலில் வையுங்கள். வெளிச்சம் ஊடுருவும் ஹோஸ் என்றால் கறுப்பு உறை போடுங்கள், இல்லையென்றால் உள்ளே பச்சைப் பாசி பிடிக்கும். முதல் கடிதத்துக்குச் சொன்ன மெட்டாபைசல்ஃபைட் உங்களுக்கும்தான்.